என் சத்தத்துக்கு வந்த மயிலை

செண்பகவல்லியம்மன் துணை

கோவில்பட்டி,
17-4-60, ஞாயிறு.

சௌபாக்கியவதி மகள் கோமதிக்கு அப்பா கருத்தையா ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் பம்பாயில் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்பாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று வழக்கம்போல எழுதினால் அது பொய், இந்த வாரம் அந்தப் பொய்யை எழுத மனசு வரவில்லை. என் இடது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறது. கயிறு பிடிக்கிற கை, எலும்பு விட்டுவிட்டது. சாட்டை பிடிக்கிற கை நன்றாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். இதற்குப் பதறாதே, பதற வேண்டியது வேறு. உன் கொழுந்தன் சுடலைமாடனுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் மாமியார் பெத்தம்மாள் மாப்பிள்ளைக்குக் கடிதம் போட்டிருப்பார். கருத்தையா வேண்டுமென்றே என் மகனைக் கொல்லப் பார்த்தான், அவன் மகளை இனி வீட்டில் வைக்காதே, ரயிலேற்றி அனுப்பு என்று அதில் இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் நின்று எல்லார் காதுபடவும் அப்படித்தான் சொன்னார். அந்தக் கடிதத்துக்கு முன்னாலோ பின்னாலோ இதுவும் உன் கைக்கு வந்து சேரட்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நிதானமாகப் படி.

மயிலைக் காளையை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ கல்யாணமாகிப் போன வருஷம் என் முதலாளி மாயகிருஷ்ணன் கன்றாக வாங்கி வந்தாரே, நீ கூட அதன் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுத்தான் பம்பாய்க்கு ரயிலேறினாய். அதை வண்டிக்குப் பழக்கியது நான். அதன் முதுகில் நான் ஒரு நாளும் சாட்டையை இறக்கியதில்லை. நாக்கை அண்ணத்தில் இரண்டு தட்டுத் தட்டி அடிவயிற்றிலிருந்து ஹோ என்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும், கரிசல் ரோட்டில் புழுதி பின்னால் நிற்கும், நாங்கள் முன்னால் போயிருப்போம். தை மாசம் முதலாளி அதை விளாத்திகுளத்து மிளகாய் வியாபாரி அல்லாபிச்சைக்கு விற்றுவிட்டார். அவர் மாடு, அவர் விற்றார், கூலிக்கு வண்டி ஓட்டுகிறவன் நான் என்ன சொல்ல முடியும். அல்லாபிச்சைக்குப் பந்தய வண்டி ஓட்டுகிறவன் யார் என்றால் நம் சுடலைதான். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. மாடு கைமாறினால் பழைய கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு மாட்டை மட்டும் கொடுப்போம், அதோடு பழக்கினவன் தன் சத்தத்தையும் புது ஆளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும், அதன் பிறகு பந்தயத்தில் அந்தச் சத்தத்தைப் பழக்கினவன் தன் வாயால் போடவே கூடாது. சுடலை புதுக் கயிற்றோடு மாடு பிடிக்க வந்த அன்று சொல்லித் தருகிறேன் வா என்று கூப்பிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, 'கூப்பிட்டா ஓடுத மாடு எனக்கு எதுக்கு மாமா, குத்துனா ஓடணும், அதாம் மாடு' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் வாங்கிக்கொள்ளாவிட்டாலும் அந்தச் சத்தத்தை நான் விட்டுவிட்டேன். முதலாளியின் புது ஜோடி செவலைக்கும் காரிக்கும் வேறு ஒரு சீட்டியைப் பழக்கினேன். அது எனக்கே இன்னும் வாயில் ஒட்டவில்லை என்பதுதான் உண்மை.

இந்த வாரம் மூன்று ஊரில் கோயில் கொடை, மூன்று பந்தயம். ஒன்றுக்கும் போகக் கூடாது என்று உன் அம்மா சாட்டையைக் கம்பு கொட்டி வைக்கிற குலுக்கைக்குள் போட்டு மூடிவிட்டாள். வீடெல்லாம் தேடி அதை எடுத்தபோது என் தலைமுடியெல்லாம் கம்புத் தவிடு, அப்படியே போய் வண்டியில் ஏறினேன். அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று நீ நினைப்பாய், அவளும் அதைத்தான் காலையிலிருந்து அடுப்படியில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை எட்டயபுரம் பக்கம் பந்தயம். கொடியைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் பின்னால் வந்த ஒருத்தன் என் சக்கரத்தில் அவன் சக்கரத்தை ஏற்றப் பார்த்தான். சாட்டைக் கம்பின் அடிப்பக்கத்தால் ஒரு போடு போட்டேன், புருவம் கிழிந்து கண்ணில் ரத்தம் இறங்கி அவன் வண்டி ஓடைக்குள் போய்விட்டது. என் மாடுகளும் மிரண்டு உடைமுள் வேலி வழியாக என்னை இழுத்துக்கொண்டு போயின, முதுகுத் தோல் பாதி அந்த முள்ளிலேயே இருக்கும். அப்படியும் இரண்டாவதாக வந்தேன். இதெல்லாம் நீ சின்ன வயசிலிருந்து மஞ்சள் அரைத்துப் போட்ட காயம்தான், உனக்குப் புதிதில்லை. வண்டியை அவிழ்த்துவிட்டு நடந்தபோதுதான் மயிலையைப் பார்த்தேன். தொடை நெடுகத் துளை துளையாக ஆணி இறங்கிய காயம், ஈ மொய்க்கிறது, வாலைத் தூக்கி விரட்டக்கூட அதற்குத் தெம்பில்லை. பக்கத்தில் சுடலை தார்க்குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சோடா குடித்துக்கொண்டிருந்தான். எனக்குக் கண் இருட்டிவிட்டது மகளே. அந்தக் குச்சியைப் பிடுங்கி அதன் நுனி ஆணியை அவன் தொடையிலேயே வைத்து அழுத்திவிட்டேன், அலறினான், கன்னத்திலும் ஒன்று வைத்தேன். இன்னொரு துளை பார்த்தால் உன் காலை ஒடித்து நுகத்தடியில் கட்டிவிடுவேன் என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். இதை நன்றாக மனசில் வைத்துக்கொள். காலை ஒடிப்பேன் என்று சொன்னது என் வாய்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

புதன்கிழமை வைப்பாற்றங்கரையில் ஓர் ஊர். அங்கே அவர்கள் முறை. சுடலையின் வண்டியோடு ஓடி வந்து மாட்டை விரட்டுகிற ஆள், என்னைத் தாண்டும்போது முடிச்சுப் போட்ட சாட்டையால் என் முதுகில், திங்கட்கிழமைக் காயத்தின் மேலேயே இழுத்தான். என் பக்கம் ஓடுகிற முப்பிடாதியைத்தான் உனக்குத் தெரியுமே, ஆள் ஈர்க்குச்சி, கோபம் வந்தால் பேய். ஓடுகிற ஓட்டத்திலேயே அந்த ஆள் மேல் தாவி அவன் காதைக் கடித்துவிட்டான். பந்தயம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. வண்டியிலிருந்த ஊணுகம்பை எல்லாம் உருவிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். எனக்கு மண்டையில் ஒன்று விழுந்தது, நானும் இரண்டு பேர் பல்லைத் தட்டினேன். ஒருத்தன் அரிவாளோடு என்னை நோக்கி வந்தான். அவன் கையைப் பிடித்து முறுக்கியது யார் தெரியுமா, சுடலைதான். 'ஏலே, அவிய எங்க அண்ணனுக்கு மாமனாரு, அடிக்கணும்னா நான் அடிச்சிக்கிடுதேன், வெளியாளு கை வைக்கக் கூடாது' என்றான். சொன்னதோடு நிற்காமல் என் விலாவில் ஒரு மிதியும் மிதித்துவிட்டுப் போனான். எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. நல்ல பயல் கோமதி, முரடன், மாட்டு விஷயத்தில் கல்நெஞ்சன், ஆனால் நல்ல பயல். அவனைக் கொல்ல நினைக்கிறவன் இப்படி எழுதுவானா என்று நீயே யோசி.

வெள்ளிக்கிழமை விளாத்திகுளம் ரோட்டில் கடைசிப் பந்தயம். அன்று காலை போகும்போது சண்டை வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன், உன் அம்மா கையால் திருநீறு பூசிக்கொண்டேன். பதினோரு வண்டி நின்றது. திரும்பி வரும்போது மற்றவர்கள் எல்லாம் பின்னால் தூசியில் போய்விட்டார்கள், நானும் சுடலையும் மட்டும். நான் இடது பக்கம், அவன் வலது பக்கம், மயிலை அவன் வண்டியில் இடது மாடு, அதனால் அது எனக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் திமிலைத் தொடலாம் போல ஓடி வந்தது. சுடலை குத்திக்கொண்டே வந்தான். ரத்தம் தெறித்து என் வேட்டியில் விழுந்தது. கோடு கண்ணுக்குத் தெரிகிறது, ஜனங்கள் கத்துகிறார்கள், என் காரி தளர்ந்துவிட்டது, சீட்டி அடிக்கிறேன், வாயில் மண், சீட்டி வரவில்லை. அந்த இடத்தில் என் நாக்கு அண்ணத்தில் தட்டிவிட்டது. ஹோ என்று இழுத்துவிட்டேன். விட்டுக்கொடுத்த சத்தம், நான் போடக் கூடாத சத்தம். போட்ட பிறகுதான் போட்டது தெரிந்தது.

காரி அசையவில்லை, அதற்கு அது யார் சத்தமோ. மயிலை காதை விறைத்துத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு, அத்தனை வேகத்தில், என் பக்கமாக வந்துவிட்டது. சுடலை கயிற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான், மூக்கு கிழிந்தும் அது நிற்கவில்லை. சக்கரத்தோடு சக்கரம் ஏறி, அச்சு முறிந்த சத்தம் வேட்டுப் போட்டது போலக் கேட்டது. நான் ரோட்டோரம் போய் விழுந்தேன். அவன் வண்டி குப்புறக் கவிழ்ந்தது. நுகத்தைத் தாங்குகிற ஏர்க்கால் முறிந்து அதன் முனை மயிலையின் வயிற்றுக்குள் போய்விட்டது. சுடலை கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்தான், அதனால் விலக முடியாமல் வண்டிக்கும் மாட்டுக்கும் நடுவே கிடந்தான். வலி தாங்காமல் மயிலை உதைத்தது. உதைக்கிற ஒவ்வோர் உதையும் அவன் காலில். கால் இருந்த இடத்தில் கால் மாதிரி ஒன்றும் இல்லை, அதற்குமேல் உனக்கு எழுத என்னால் முடியவில்லை. இவ்வளவு நடக்கும்போது பார்க்க வந்த கூட்டம் அவனைத் தூக்கப் போகவில்லை, என்னை அடிக்க வந்தது. திங்கட்கிழமை நான் கத்தியதைக் கேட்டவர்கள் அதில் பாதிப் பேர். சொன்னபடி காலை ஒடிச்சிட்டான்லே என்று ஒருத்தன் கூவினான், பிறகு யார் எதால் அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முகத்துக்கு நேரே வந்ததைத் தடுக்கக் கையைத் தூக்கினேன், கை ஒடிந்தது. முப்பிடாதி என் மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டான், அவன் முதுகிலும் அடி. அதற்கு நடுவில் ஒரு குரல் கேட்டது. சுடலை கத்தினான். 'மாமா, கூப்பிடுங்க மாமா, அத கூப்பிடுங்க' என்று.

நாலைந்து பேர் மாட்டைப் பிடிக்கப் போய் உதைபட்டு விழுந்திருந்தார்கள், ஒருத்தராலும் கிட்டே போக முடியவில்லை. அல்லாபிச்சைதான் கூட்டத்துக்குள் புகுந்து வந்து, 'அடிக்கிறத அப்புறமா அடிங்கலே, மொதல்ல அவரை விடுங்க, இங்கன ஒரு உயிரு போவுது' என்று என்னைத் தோளோடு இழுத்துக்கொண்டு போனார். நான் முட்டி போட்டு ஊர்ந்து போய் மயிலையின் முகத்துக்கு நேரே படுத்து நாக்கைத் தட்டினேன். வாயெல்லாம் ரத்தம், சத்தம் சரியாக வரவில்லை. அதற்குப் போதுமாயிருந்தது. உதைப்பதை நிறுத்திவிட்டு மூஞ்சியை என் நெஞ்சில் வைத்தது. அந்த நேரத்தில் கயிற்றை அறுத்துச் சுடலையை இழுத்தெடுத்து ஒரு மிளகாய் லாரியில் போட்டுக்கொண்டு போனார்கள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். சத்தத்தை நிறுத்தியதும் அது மறுபடி உதைக்க ஆரம்பித்தது, உதைக்க உதைக்க வயிற்றிலிருந்து எல்லாம் வெளியே வந்தது. அதனால் நான் நிறுத்தவில்லை. ஒடிந்த கையோடு அதன் பக்கத்திலேயே கிடந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அடிக்க வந்தவர்கள் கம்பை ஊன்றிக்கொண்டு சுற்றி நின்றார்கள். வெயில் தாழுகிற மட்டும் ஆயிற்று அதற்கு மூச்சு அடங்க. காது மட்டும் கடைசிவரை என் பக்கம் திரும்பியே இருந்தது. அல்லாபிச்சை தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அதன் முகத்தில் போட்டார்.

சனிக்கிழமை கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாதே என்று உன் அம்மா காலைப் பிடித்தாள். வாசலிலேயே உன் மாமியார் இரண்டு கையாலும் மண்ணை அள்ளி என் முகத்தில் தூற்றி, நான் முன்னே எழுதின அந்தப் பேச்சையெல்லாம் பேசினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். சுடலை விழித்துக்கொண்டுதான் கிடந்தான். முகம் வெளுத்துக் கிடக்கிறது, ஒரே நாளில் பாதி ஆளாகிவிட்டான். என்னைப் பார்த்ததும், 'மாமா, தெரிஞ்சா கூப்பிட்டீங்க' என்று கேட்டான். தெரிந்து கூப்பிடவில்லை என்றேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நம்பினானா நம்பவில்லையா எனக்குத் தெரியாது. போலீசுக்கு மட்டும் மாடு மிரண்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று முப்பிடாதி விசாரித்துச் சொன்னான்.

உனக்கும் அதையே சொல்கிறேன், தெரிந்து கூப்பிடவில்லை. மயிலை மேல் சத்தியம். ஆனால் சுடலையிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை, யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த மாடு தலையைத் திருப்பி என்னைப் பார்த்ததே, அந்த ஒரு நொடி, அவன் கயிற்றை இழுக்கிறான், சக்கரம் நெருங்குகிறது, எல்லாம் எனக்குத் தெரிகிறது, அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை குத்துக்குப் பிறகும் என்னை மறக்கவில்லையே என்று மனசு நிறைந்துவிட்டது. போ, போ என்று அதை விரட்டியிருக்கலாம், அதற்கு நேரம் இருந்ததா இல்லையா தெரியாது, ஆனால் விரட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வரட்டும் என்று இருந்துவிட்டேன். பெத்தம்மாள் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று யாராவது கேட்டால், இவ்வளவு உண்மை. இதை மாப்பிள்ளையிடம் மறைக்காதே, இந்தக் கடிதத்தையே அவர் கையில் கொடுத்துவிடு.

இனி நான் சொல்வதைக் கேள். உன் மாமியார் கடிதம் வந்தால் நீயே வாங்கி, நீயே உரக்கப் படித்துக் காட்டு, ஒளித்து வைக்காதே. எனக்காக அந்த வீட்டில் ஒரு வார்த்தை பரிந்து பேச வேண்டாம். அப்பன் வேண்டுமா இந்த வீடு வேண்டுமா என்று கேட்டால் வீடு என்று சொல். அப்பனைத் திட்டச் சொன்னால் திட்டு, கடிதம் போடாதே என்றால் போடாதே, எனக்கு வருத்தம் வரும், வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். நீ பேரனைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து நிற்பதை மட்டும் என்னால் தாங்க முடியாது. வண்டித் தொழில் முடிந்தது, முதலாளியிடம் சாட்டையைக் கொடுத்துவிட்டேன், அவர் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். சுடலை எழுந்து நடக்கிறவரை அவனுக்கு வேண்டியதைச் செய்ய அல்லாபிச்சை முன்னால் நிற்கிறார், நானும் செய்வேன், அவர்கள் வாங்கிக்கொண்டால்.

மாப்பிள்ளையைத் தம்பியைப் பார்க்க உடனே புறப்பட்டு வரச் சொல். ஸ்டேஷனுக்கு நான் வர மாட்டேன், என்னை அங்கே பார்த்தால் அவருக்கு எப்படி இருக்குமோ. உன் அம்மா சோற்றுத் தூக்கோடு நிற்பாள், பேரனுக்கு என்று அவள் வாங்கி வைத்த கடலை மிட்டாயையும் அவரிடமே கொடுத்துவிடுவாள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், தம்பியின் காலைப் பார்க்கட்டும். பிறகு என் மேல் ஆத்திரம் வந்தால் நேரே வீட்டுக்கு வரட்டும், கதவைத் திறந்து வைத்திருப்பேன். இடது கை ஏற்கெனவே ஒடிந்தது, வேறு இடத்தில் அடிக்கச் சொல். நான் தடுக்க மாட்டேன், சத்தமும் போட மாட்டேன்.

அம்பாள் உன்னையும் உன் தாலியையும் என் பேரனையும் காக்கட்டும். அவனுக்குப் பல் முளைக்கிறது என்று எழுதியிருந்தாய், வயிற்றுக்கு ஓமத்தண்ணீர் கொடு. நீ வேளைக்குச் சாப்பிடு, அழுதுகொண்டு பட்டினி கிடக்காதே. மாப்பிள்ளை ரயிலேறியதும் ஒரு தந்தி கொடுக்க மறக்க வேண்டாம், உன் அம்மா பெயருக்கே கொடு.

என்றும் உன் நன்மையை நினைக்கும்
அப்பா,
கருத்தையா.